மண்டையோட்டை அளந்தவரும் சாதியைக் கேட்டவர்களும்



குற்றவியல் படிக்கும் தங்கை ஒருவர் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு வட்டத்துக்குத் தன் பாடக்குறிப்பைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு பக்கத்தின் தலைப்பு 'நவீனக் குற்றவியலின் தந்தை'. அதன் கீழே செசாரே லோம்ப்ரோசோ என்ற இத்தாலிய மருத்துவரின் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, 'பிறவிக் குற்றவாளி'யின் உடல் அடையாளங்கள் என்று ஒரு பட்டியல். கடைசியில் ஒரே ஒரு வரி: இக்கோட்பாடு பிற்காலத்தில் நிராகரிக்கப்பட்டது. பத்து மார்க் கேள்வி. "மனப்பாடம் பண்ணிட்டேன். ஆனா இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்னுதான் புரியல" என்றார்.

பத்து மார்க்குக்கு அந்தப் பக்கம் போதும். நமக்குப் போதாது. 'நிராகரிக்கப்பட்டது' என்ற அந்த ஒற்றை வரியை நாம் நம்பவில்லை. யார் நிராகரித்தார்கள்? எங்கே? நம் ஊர் காவல் நிலையத்துக்கு அந்தச் செய்தி வந்து சேர்ந்ததா?

முதலில் ஆளைப் பார்ப்போம். லோம்ப்ரோசோ 1835இல் வெரோனா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வெரோனா அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கையில் இருந்தது. 1858இல் பாவியாவில் மருத்துவப் பட்டம். மறு ஆண்டே ராணுவ மருத்துவர். அங்கேதான் அளக்கும் பழக்கம் தொடங்கியது. ஏறக்குறைய மூவாயிரம் சிப்பாய்களின் உடலை அளந்து குறித்துக்கொண்டார், அவர்களுடைய பச்சைகுத்தல்களையும் விடவில்லை. பிறகு மனநோய் மருத்துவமனைகளில் வேலை, 1876இல் டூரின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி. அதே ஆண்டில் 'குற்றவாளி மனிதன்' நூலின் முதல் பதிப்பு வெளிவந்தது. அது ஐந்து பதிப்புகள் கண்டு, ஒவ்வொரு பதிப்பிலும் பெருத்து, 1890களின் கடைசியில் பல தொகுதிகளாக ஊதிப்போனது.

அவர் கொடூரமான ஆள் என்று நினைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கினால் ஏமாந்துபோவோம். சோசலிஸ்ட் கட்சியில் சேர்ந்தவர். டூரின் நகரசபையில் உறுப்பினராக இருந்தவர். யூத வெறுப்பை எதிர்த்து 1894இல் ஒரு நூலே எழுதினார். வட இத்தாலிய விவசாயக் கூலிகளைத் தின்றுகொண்டிருந்த பெல்லாக்ரா நோய்க்குக் கெட்டுப்போன சோளம்தான் காரணம் என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சண்டை போட்டார். அந்தக் காரணம் முழுக்கச் சரியில்லை, நயாசின் என்ற சத்துக் குறைவுதான் நோயின் வேர் என்பது பின்னாளில் தெரியவந்தது. ஆனாலும் ஏழையின் தட்டில் என்ன விழுகிறது என்று கேட்ட மருத்துவர்களில் அவர் ஒருவர். இதை ஏன் சொல்கிறோம் என்றால், நம்மை அளக்க வருகிறவர்கள் எல்லோரும் மீசையை முறுக்கிக்கொண்டு வருவதில்லை. முற்போக்கு முகத்தோடும் வருவார்கள். நல்லது செய்ய வேண்டும் என்ற உண்மையான ஆசையோடும் வருவார்கள்.

இனி, அளக்கப்பட்டவரைப் பார்ப்போம். பாடக்குறிப்பில் அவர் பெயர் இல்லை.

ஜுசெப்பே வில்லெல்லா. தெற்கு இத்தாலியில் கலாப்ரியாவைச் சேர்ந்த மோத்தா சாந்தா லூச்சியா என்ற சிற்றூர்க்காரர். ஏழை உழைப்பாளி. திருட்டு வழக்கில் தண்டிக்கப்பட்டு, தன் ஊரிலிருந்து நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோகப்பட்டு, 1864இல் பாவியாவில் இறந்தார். அவர் உடலை அறுத்தவர் லோம்ப்ரோசோ. மண்டையோட்டின் பின்பக்க அடியில், வழக்கமாக ஒரு சிறு மேடு இருக்கும் இடத்தில், ஒரு பள்ளத்தைக் கண்டார். இது தாழ்ந்த விலங்குகளிடம் இருப்பது, ஆகவே இந்த மனிதன் ஆதிகால மிருகத்தின் மிச்சம், ஆகவே குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்னுக்குத் திரும்பியவன் என்று முடிவு கட்டினார். ஒரு மண்டையோடு. ஒரு பள்ளம். அதன்மேல் ஒரு 'விஞ்ஞானம்'. முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்தும், தனக்கு ஞானம் பிறந்த கணம் அதுதான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த மண்டையோட்டையும் தன்னோடே வைத்திருந்தார்.

வில்லெல்லாவை அவர் தன் எழுத்துகளில் வழிப்பறிக் கொள்ளைக்காரராகவே வர்ணித்தார். 'கொள்ளைக்காரன்' என்ற சொல்லுக்கு அன்றைய இத்தாலியில் என்ன பொருள் என்று தெரிந்துகொள்ளாமல் நாம் மேலே போக முடியாது. 1861இல் இத்தாலி ஒரே நாடாக ஆக்கப்பட்டது. வடக்கத்தியர்களின் தலைமையில், வடக்கத்தியர்களின் மன்னருக்குக் கீழே. பொது நிலம் ஏழைக்குப் பங்கிட்டுத் தரப்படும் என்று எதிர்பார்த்த தெற்கத்திய விவசாயிக்குக் கிடைத்தவை புதிய வரியும் கட்டாய ராணுவச் சேவையும்தான். தெற்கு கொந்தளித்தது. அதில் பழைய மன்னரின் ஆட்களும் இருந்தார்கள், உண்மையான கொள்ளையர்களும் இருந்தார்கள், வேறு வழியில்லாத கூலிகளும் இருந்தார்கள். அரசு எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெயர் வைத்தது. 1863இல் பீக்கா சட்டம் வந்தது. ராணுவ நீதிமன்றம், சுட்டுக்கொல்ல அதிகாரம், சந்தேகப்பட்டவர்களை ஊரைவிட்டு ஊர் கடத்தும் அதிகாரம். சுடப்பட்டவர்களின் பிணங்களை நிமிர்த்தி வைத்துப் படம் பிடித்தார்கள்.

லோம்ப்ரோசோவுக்கு இதெல்லாம் தெரியாதா? நன்றாகவே தெரியும். 1862இல் அந்த ராணுவத்தோடு கலாப்ரியாவில் மூன்று மாதம் இருந்தவர் அவர். அங்கே கண்ட பசியையும் நோயையும் நிலப்பிரபுக்களின் ஆட்டத்தையும் பற்றி அவரே எழுதியிருக்கிறார். கண்ணால் பசியைப் பார்த்த மனிதர், சில ஆண்டுகள் கழித்து அதே ஊர்க்காரன் ஒருவனின் மண்டையோட்டில் காரணம் தேடினார். எங்களுக்கு அவர்மீது வரும் கோபம் முழுவதும் இந்த இடத்தில்தான் வருகிறது. அறியாமையில் செய்த தவறு என்று சொல்லித் தப்பவைக்க முடியாத இடம் இது.

அவருடைய முறை எப்படி வேலை செய்தது என்று பாருங்கள். முதல் பதிப்பில் 66 மண்டையோடுகளையும் 832 குற்றவாளிகளையும் ஆராய்ந்ததாகக் கணக்கு. அவர்கள் எங்கே கிடைத்தார்கள்? சிறையில். சிறையில் யார் இருப்பார்கள்? காவலர் யாரைப் பிடித்தாரோ, வழக்கறிஞர் வைக்கப் பணமில்லாதவர் யாரோ, அவர்கள். ஏழைகளைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு, உள்ளே இருப்பவர்களின் தாடையை அளந்து, 'பார், குற்றவாளிக்கு இப்படித்தான் தாடை இருக்கும்' என்றார்கள். விரிந்த காது, சரிந்த நெற்றி, உயர்ந்த கன்ன எலும்பு, நீண்ட கை, அடித்தால் வலி குறைவாகத் தெரிவது, உடம்பில் பச்சை. ஊரில் வயலில் நிற்கும் எந்தக் கூலிக்காரனை நிறுத்தி அளந்தாலும் இதில் இரண்டு மூன்று தேறும். வங்கிப் பணத்தைச் சுருட்டிய கனவானின் காதை யார் போய் அளந்தார்கள்?

ஆதாரம் போதாத இடத்தில் எறும்பும் பூச்சியும் சாட்சிக்கு வந்தன. பின்னாள் பதிப்புகளில் விலங்குகள் செய்யும் 'குற்றங்கள்' என்று ஒரு பகுதி. பூச்சியைப் பிடித்துத் தின்னும் செடிகூட அதில் கொலைகாரன். சிரிக்கலாம். ஆனால் அதே கையால்தான் ஜிப்சி மக்கள் முழுவதும் ஒரு குற்றவாளி இனம் என்று எழுதினார். இந்தியாவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்டுப்போன ரோமா மக்கள் அவர்கள். அந்த வரியை எழுதியவர் யூதர், இன வெறுப்பை எதிர்த்தவர். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்து ஜெர்மனியில் ராபர்ட் ரிட்டரின் ஆட்கள் ரோமா குடும்பங்களை வரிசையில் நிறுத்தி அளந்தார்கள், அட்டவணை போட்டார்கள். அந்த அட்டவணையில் இருந்தவர்கள் முகாம்களுக்குப் போனார்கள். அந்தக் கொலைகளுக்கு லோம்ப்ரோசோ பொறுப்பாளி என்று சொன்னால் அது வரலாறாகாது. ஆனால் 'பிறவியிலேயே குற்றவாளியான இனம்' என்ற சொல்லை மருத்துவர் ஒருவரின் வாயால் சொல்லி மரியாதை வாங்கிக் கொடுத்தவர்களில் அவர் முக்கியமானவர். 1938இல் இத்தாலி தன் யூதர்களைப் பள்ளிகளிலிருந்தும் பல்கலைக்கழகங்களிலிருந்தும் துரத்தியபோது, அந்தக் கத்தி அவருடைய சொந்த மக்களின் பக்கமே திரும்பியது. (ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை: அவருடைய மருமகனும் சீடருமான மாரியோ கர்ராரா, 1931இல் முசோலினி அரசுக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த விரல்விட்டு எண்ணக்கூடிய பேராசிரியர்களில் ஒருவர்.)

பெண்களையும் விட்டுவைக்கவில்லை. 1893இல் இன்னொரு மருமகன் குலியெல்மோ ஃபெர்ரேரோவோடு சேர்ந்து 'குற்றவாளிப் பெண்' நூலை எழுதினார். பெண்கள் குறைவாகக் குற்றம் செய்கிறார்களே என்று கேட்டால், அவர்கள் வளர்ச்சியில் பின்தங்கியவர்கள், ஆணின் குற்றத்துக்கு ஈடாக அவர்களிடம் இருப்பது விபச்சாரம் என்று பதில். குற்றம் செய்தாலும் தாழ்வு, செய்யாவிட்டாலும் தாழ்வு. எப்படிக் கேட்டாலும் ஒரே பதில் வருகிறதென்றால், பதில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

இதுவரை அளந்தவர் பேச்சு. அளக்கப்பட்டவர் பதில் பேசிய ஒரு கதை இருக்கிறது, அதைத்தான் தங்கையிடம் முதலில் சொன்னோம்.

மே தினம் கொண்டாடுகிறோம் அல்லவா? அதன் பின்னால் இருப்பது 1886 சிகாகோ, ஹேமார்க்கெட் வழக்கு. குண்டை வீசியவர் யார் என்று நிரூபிக்காமலே தொழிலாளர் தலைவர்கள் நால்வரைத் தூக்கிலிட்டார்கள். வேறு சிலர் சிறையில் கிடந்தார்கள். 1891இல் லோம்ப்ரோசோ ஓர் அமெரிக்க இதழில் அனார்க்கிஸ்டுகளின் முகத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாரிஸ் கம்யூன்காரர்கள், டூரின் அனார்க்கிஸ்டுகள், சிகாகோ ஆட்கள் என்று முகங்களைப் பார்த்து, இத்தனை சதவீதம் பேரிடம் குற்றவாளி வார்ப்பு தெரிகிறது என்று கணக்குச் சொன்னார். சிகாகோ முகங்களை அவர் எங்கே பார்த்தார்? அந்த வழக்கை நடத்திய போலீஸ் அதிகாரி ஷாக் எழுதிய புத்தகத்தில் இருந்த படங்களில். குற்றம் சாட்டிய போலீஸ்காரரின் புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு, அதிலிருக்கும் முகங்களில் குற்றம் தெரிகிறது என்றார் பேராசிரியர்!

அந்த வழக்கில் ஆயுள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்த மிக்கேல் ஷ்வாப் என்ற புத்தகம் கட்டும் தொழிலாளி, அதே இதழில், அதே ஆண்டில், லோம்ப்ரோசோவுக்குப் பதில் எழுதினார். சிறைக்குள்ளிருந்து. என்னை உனக்குத் தெரியாது, என் தோழர்களையும் தெரியாது, நீ பார்த்த படமே சரியில்லை என்று நிதானமாக வாதம் செய்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1893இல், இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்ட் அந்த வழக்கே முறைகேடானது என்று சொல்லி, உயிரோடு மிஞ்சியிருந்தவர்களை விடுவித்தார். 'பிறவிக் குற்றவாளி' வார்ப்பு தெரிந்த முகங்களுக்கு அரசே நிரபராதி என்று எழுதிக் கொடுத்தது. லோம்ப்ரோசோவின் பெயர் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஷ்வாபின் பெயர் எத்தனை குற்றவியல் மாணவர்களுக்குத் தெரியும்?

இதே நோயைப் பின்னாளில் சிறையிலிருந்தே கண்டுபிடித்துச் சொன்னவர் இன்னொருவர், அந்தோனியோ கிராம்ஷி. தெற்கைச் சேர்ந்த சார்டினியாக்காரர். தெற்கத்திய மக்கள் உயிரியலிலேயே தாழ்ந்தவர்கள் என்ற கதையை லோம்ப்ரோசோ பள்ளியைச் சேர்ந்த அறிஞர்கள் சோசலிஸ்ட் கட்சிக்குள்ளேயே பரப்பினார்கள் என்று 1926இல் எழுதினார். பிறகு முசோலினியின் சிறையில் எழுதிய குறிப்பேடுகளில், அடித்தள மக்களின் வரலாறு பற்றிய பகுதியில், தாவிதே லாஸ்ஸாரெத்தி என்ற மனிதரை எடுத்துக்கொள்கிறார். டஸ்கனியின் மலைப்பகுதியில் வண்டியோட்டியாக இருந்து மதத் தலைவராக மாறி, ஏழை விவசாயிகளைத் திரட்டியவர். 1878 ஆகஸ்ட் மாதம் ஊர்வலமாக வந்தபோது போலீஸ் சுட்டுக் கொன்றது. இந்த ஏழைகள் ஏன் திரண்டார்கள் என்று கேட்க வேண்டிய இடத்தில், லோம்ப்ரோசோவும் அவர் காலத்து அறிஞர்களும் தலைவனின் பைத்தியக் கூறு என்ன என்று ஆராய்ந்தார்கள் என்பதுதான் கிராம்ஷியின் குற்றச்சாட்டு. 'சப்ஆல்டர்ன்' என்ற சொல்லை இன்று கருத்தரங்குகளில் அடிக்கடி கேட்கிறோம். அது பிறந்த இடத்திலேயே லோம்ப்ரோசோவோடு ஒரு சண்டை இருக்கிறது என்பதை மாணவத் தோழர்கள் மறக்க வேண்டாம்.

டூரினுக்கு வெளியே விஞ்ஞானிகளும் சும்மா இருக்கவில்லை. 1889இல் பாரிசில் நடந்த மாநாட்டிலேயே பிரெஞ்சு ஆய்வாளர்கள் அவரைக் குடைந்தெடுத்தார்கள். 1897இல் அவர் ரஷ்யாவுக்குப் போய்த் தோல்ஸ்தோயைச் சந்தித்தார். மேதைமைக்கும் பைத்தியத்துக்கும் உறவு உண்டு என்பது அவருடைய இன்னொரு கோட்பாடு, ஆகவே ஒரு நோயாளியைப் பார்க்கப்போகும் நினைப்பில் போனார். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த தோல்ஸ்தோய் நீச்சலில் அவரைத் தோற்கடித்து அனுப்பினார். அதோடு நிற்காமல், 1899இல் வந்த 'புத்துயிர்ப்பு' நாவலில், சில மனிதர்கள் தம்மைப் போன்ற வேறு மனிதர்களை எந்த உரிமையில் அடைத்துவைக்கிறார்கள் என்று கேட்கும் கதாநாயகனை லோம்ப்ரோசோவின் நூல்களுக்குள் அனுப்பி, விடையில்லாமல் திரும்பவைத்தார்.

கடைசி ஆணியை அடித்தவர் சார்லஸ் கோரிங் என்ற ஆங்கிலச் சிறை மருத்துவர். ஏறக்குறைய மூவாயிரம் கைதிகளை அளந்து, பல்கலைக்கழக மாணவர்களோடும் ராணுவத்தினரோடும் ஒப்பிட்டு, 1913இல் முடிவை வெளியிட்டார். குற்றவாளி என்று தனியாக ஓர் உடல் வார்ப்பு கிடையாது. (கோரிங்கும் முழுதாகக் கரையேறவில்லை. அறிவுக் குறைவு பரம்பரையாக வருகிறது, அதுதான் குற்றத்துக்கு வழி என்று அவர் பங்குக்கு ஒரு சேற்றில் நின்றார்.) அளவுகோலைக் கொண்டுவந்தவரை அளவுகோலாலேயே தோற்கடித்தாயிற்று. பாடக்குறிப்பின் 'நிராகரிக்கப்பட்டது' என்ற வரி இத்தோடு முடிகிறது.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருவோம்.

இந்தியாவில் குற்றப்பழங்குடிச் சட்டம் வந்தது 1871இல். லோம்ப்ரோசோவின் நூல் வந்தது 1876இல். ஆண்டுகளைக் கவனியுங்கள். அவருடைய கோட்பாடு கப்பலேறி வந்து நம்மைக் குற்றவாளியாக்கியது என்று நம் தோழர்கள் சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது தவறு. இங்கே அவர் தேவைப்படவே இல்லை. சட்டத்துக்கு ஆதரவாக அன்றைய ஆங்கில அதிகாரிகள் வைத்த வாதம் மிக எளிமையானது: இந்த நாட்டில் தச்சன் மகன் தச்சன், நெசவாளி மகன் நெசவாளி, தொழில் சாதிவழியில் இறங்குகிறது. ஆகவே திருட்டும் ஒரு சாதித்தொழிலாக இருக்க முடியும், திருடன் மகன் திருடன். மண்டையோடு வேண்டாம், அளவுகோல் வேண்டாம், பள்ளம் மேடு வேண்டாம். என்ன சாதி என்று கேட்டால் போதும். வெள்ளைக்கார அதிகாரிக்கு இந்த இலக்கணத்தைக் கற்றுக்கொடுத்தது எந்த இத்தாலியரும் இல்லை. வருணத்தையும் பிறப்பையும் வைத்து மனிதனின் தொழிலையும் தகுதியையும் எழுதிவைத்த நம் ஊர்ச் சாத்திரமும், அதை நடைமுறையில் காட்டிக்கொண்டிருந்த ஊர்ப் பெரிய மனிதர்களும்தான்.

1911இல் திருத்தப்பட்ட சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்னது இதைத்தான். பெயர்ப் பதிவு, கைரேகை, இரவில் போய் ஆஜராவது, ஊர்விட்டு ஊர் போக ராதாரிச் சீட்டு. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கவும் அதில் அதிகாரம் இருந்தது. குறவர், கள்ளர், தென்னாற்காட்டின் வேப்பூர்ப் பறையர் என்று பட்டியல் நீண்டது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த கள்ளர் மக்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்தத் தியாகத்தை நாம் மதிக்கிறோம். பிறப்பை வைத்து மனிதனைக் குற்றவாளி என்று சொல்லாதே என்பதற்காகச் சிந்திய ரத்தம் அது. அதே மண்ணில் சேரி மக்களின் பிறப்பை வைத்து டீக்கடையில் தனிக்குவளை எடுத்து வைப்பவர்கள், அந்த நினைவுத்தூணுக்கு மாலை போடும்போது என்ன நினைத்துக்கொண்டு போடுகிறார்கள் என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு.

அளவுகோலும் வராமல் இல்லை. ரிஸ்லி என்ற அதிகாரி மூக்கின் அகலத்தை வைத்து, சமூகத்தில் உயர உயர மூக்கு கூர்மையாகிறது என்றார். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளின் தலையையும் மூக்கையும் அளந்து, 1909இல் ஏழு தொகுதி வெளியிட்டார். லோம்ப்ரோசோ இறந்ததும் அதே ஆண்டுதான். ஆனால் இந்த அளவுகள் எல்லாம் ஏற்கெனவே கொடுத்து முடித்த தீர்ப்புக்குப் பின்னால் ஒட்டிய ரசீதுகள்.

அந்த ரசீதை வாங்கிக் கிழித்தவர் பாபாசாகேப். 1948இல் வந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில், இனம்தான் தீண்டாமைக்குக் காரணம் என்ற வாதத்தை எடுத்து, குர்யே தொகுத்த மூக்கு அளவுகளையே முன்னால் வைத்தார். இந்த அளவு விஞ்ஞானம் என்றால், பிராமணரும் தீண்டப்படாதவரும் ஒரே இனம்தான் என்று உங்கள் எண்களே சொல்கின்றன, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். ஷ்வாப் சிறையிலிருந்து செய்ததை அம்பேத்கர் நூலகத்திலிருந்து செய்தார்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். லோம்ப்ரோசோ அளந்தார், ஆகவே அளந்து பொய்யாக்க முடிந்தது. சாதியை அளந்து பொய்யாக்குவது எப்படி? தான் விஞ்ஞானம் என்று அது சொல்லிக்கொள்ளவே இல்லையே! ஆதாரமே கேட்காத ஒரு நம்பிக்கைக்கு எதிராக எந்தக் கோரிங் மூவாயிரம் பேரை அளந்து என்ன பயன்? டூரினில் பிறவிக் குற்றவாளி 1913இல் செத்தான். இங்கே சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுக்க 1952இலும் நீக்கப்பட்டது. பிறகு 'வழக்கமான குற்றவாளி' சட்டங்கள் என்று பெயர் மாறி வந்தது. 'ஜெய் பீம்' படம் பார்த்தவர்களுக்குச் சிறைவாசலில் சாதி கேட்டுப் பிரித்து நிறுத்தும் அந்தத் தொடக்கக் காட்சி நினைவிருக்கும்.

சினிமாவுக்காகக் கூட்டிச் சொன்னது என்று நினைத்தவர்களுக்கு 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்சநீதிமன்றம் பதில் சொன்னது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு. பல மாநிலச் சிறைக் கையேடுகளில் சமையல் இன்ன சாதிக்கு, கக்கூஸ் கழுவுவது இன்ன சாதிக்கு என்று அச்சிலேயே இருந்தது. சீர்மரபினரையும் நாடோடிச் சமூகங்களையும் 'வழக்கமான குற்றவாளி' என்று பார்க்கும் வரிகள் இருந்தன. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டது. இவை எல்லாம் அரசியல் சட்டத்துக்கு எதிரானவை, சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள், கையேடுகளை மூன்று மாதத்தில் திருத்துங்கள் என்றது நீதிமன்றம். இத்தாலிய மண்டையோட்டுக் கதை முடிந்து நூறு ஆண்டுக்கு மேல் கழித்து!

இதற்கிடையில் அளவுகோலும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. 2016இல் ஷாங்காய் ஆய்வாளர்கள் இருவர், முகப்படத்தைப் பார்த்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கும் கணினி முறை என்று ஒரு கட்டுரையை வெளியிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டார்கள். இங்கே 2022இல் வந்த குற்றவியல் அடையாளச் சட்டம், கைதாகிறவர்களின் கைரேகையோடு கண்மணிப் பதிவு, உடல் மாதிரி வரை எடுக்க வழிசெய்து, அந்தப் பதிவை 75 ஆண்டு வைத்திருக்கலாம் என்கிறது. இந்தச் சட்டம் லோம்ப்ரோசோவைப் போல முகத்தில் குற்றத்தைத் தேடவில்லை, ஆளை அடையாளம் காணத்தான் என்பார்கள். சரி. யாரை முதலில் பிடித்து அந்தக் கருவிக்கு முன்னால் நிறுத்துவார்கள்? 832 பேரும் எங்கிருந்து வந்தார்கள் என்று மேலே கேட்டோமே, அதே கேள்விதான்.

கடைசியாக நம் வீட்டுக் குப்பை. சில மாதங்களுக்கு முன், ஒரு சாதி ஆணவக் கொலையில் கைதானவர்களின் படம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. நம் தோழர் ஒருவரே அதன் கீழே எழுதினார்: "மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பொறவிக் கொலைகாரனுங்க." இருபது பேர் கைதட்டினார்கள். எங்களில் சிலரும்தான். தங்கையின் பாடக்குறிப்பைப் படித்த பிறகுதான் அது உறைத்தது. கொலை செய்தவன் பிறவிக் கொலைகாரன் என்றால், வழக்கு அவனோடு முடிந்துவிடுகிறது. அவனுக்கு அரிவாள் வாங்கிக் கொடுத்த மாமன், பெண்ணைப் பேசி வீட்டுக்கு வரவழைத்த அத்தை, ஊர்க்கூட்டத்தில் 'மானம் போச்சு' என்று நாற்காலியில் உட்கார்ந்து சொன்ன வெள்ளைச் சட்டைப் பெரியவர், எல்லோரும் நல்ல முகத்தோடு தப்பித்துப் போகிறார்கள். சாதிக்காகக் கொல்கிறவன் பெரும்பாலும் ரொம்பச் சாதாரண முகம் கொண்டவன். பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிப்போகிறவன், பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டுகிறவன். அவனைக் கொலைகாரனாக்கியது எது என்று கேட்பதுதான் நம் வேலை. அவன் தாடையைப் பார்த்துத் திட்டினால், எதிரியின் அளவுகோலை வாங்கி நம் இடுப்பில் செருகிக்கொள்கிறோம். அந்தத் தோழர் இதைப் படிப்பார். கோபப்பட்டால் நேரில் வந்து பேசட்டும், டீ வாங்கித் தருகிறோம்.

லோம்ப்ரோசோ இறக்கும்போது தன் உடலையும் அருங்காட்சியகத்துக்கே எழுதிவைத்தார். 2009இல் மறுபடி திறக்கப்பட்ட டூரின் அருங்காட்சியகத்தில் அவருடைய எலும்புக்கூடு நிற்கிறது. வில்லெல்லாவின் மண்டையோடும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரனைத் திருப்பிக் கொடுங்கள், அடக்கம் செய்ய வேண்டும் என்று மோத்தா சாந்தா லூச்சியா மக்கள் வழக்குப் போட்டார்கள். 2012இல் கீழ்நீதிமன்றம் கொடுக்கச் சொன்னது. 2017இல் மேல்முறையீட்டில் அது மாறியது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அருங்காட்சியகத்தின் பக்கமே நின்றது. தன் உடலை விரும்பிக் கொடுத்தவரும், யாரும் கேட்காமலே தலையை எடுத்துக்கொள்ளப்பட்டவரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள்.

தங்கை தேர்வில் என்ன எழுதுவார் என்பதை அவரே முடிவு செய்யட்டும். சட்டம் படிக்கும் தோழர்களுக்கு எங்களிடம் ஒரு வேலை இருக்கிறது. சிறைப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை எடுக்கச் சொன்ன தீர்ப்பு, உங்கள் மாவட்டச் சிறையில் நடைமுறைக்கு வந்ததா? தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, பத்து ரூபாய்க் கட்டணம். இந்த மாதமே போடுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் தேதியோடு எங்களுக்கு எழுதுங்கள். எந்த மாவட்டம் பதில் சொன்னது, எது சொல்லவில்லை என்று அடுத்த பதிவில் பட்டியல் போடுவோம்.

ஜெய்பீம்.